அவசரமாகப் பல் எடுக்க வருகிறவர்களுக்கு எங்கள் பல் மருத்துவமனையிலிருந்து ஒரு மடல்

எங்களை நம்பி வரும் அனைவருக்கும் வணக்கம்.

சில காலமாக ஒரே மனக்குறை பல பேரிடமிருந்து எங்கள் காதுக்கு வருகிறது. "உயிர் போகிற வலியோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன், சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை போடுகிறீர்கள், காலையில் சாப்பிட்டீர்களா என்று கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்களே தவிர, பல்லைப் பிடுங்குகிற வழியைக் காணோம்" என்பதுதான் அது. இந்த வருத்தம் நியாயமானது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுவதால் பல்வலி இரவில்தான் உச்சத்துக்குப் போகும். விடிய விடிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்பவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது கடினம். ஆனாலும் அந்தக் கேள்விகளை நாங்கள் விடப்போவதில்லை. ஏன் விடமுடியாது என்பதையும், பல் எடுக்கும் நாளிலும் அதற்குப் பிறகும் என்னென்ன நடக்கும் என்பதையும் விளக்கவே இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவசரமாக வருகிற எல்லாப் பல்லும் எடுக்க வேண்டிய பல் அல்ல. சொத்தை ஆழமாகி உள்ளே இருக்கும் நரம்பு வீங்கித் துடிக்கிற பல்லை, வேர் சிகிச்சை செய்து பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அன்றைக்கே அந்த நரம்பை எடுத்துவிட்டால் வலியும் அடங்கிவிடும். "வேண்டாம் டாக்டர், தொல்லை விட்டால் போதும், பிடுங்கிவிடுங்கள்" என்று வலியின் நடுவே சொன்னவர்களில் சிலர், ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் மெல்ல முடியவில்லை என்று வருந்தி வந்திருக்கிறார்கள். ஆகவே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, காப்பாற்றக்கூடிய பல் என்றால் அதை உங்களிடம் சொல்லிவிடுவோம், முடிவு உங்களுடையது. ஈறுக்குக் கீழே வரை பிளந்துபோன பல், எலும்புப் பிடிப்பே இல்லாமல் ஆடுகிற பல், கட்ட இடமில்லாதபடி சிதைந்து சீழ் கோத்த பல், முளைக்க வழியின்றிச் சிக்கி அடிக்கடி வீங்கும் ஞானப்பல் ஆகியவற்றை எடுப்பதுதான் சரி.

இனி, எங்கள் கேள்விகள். மாத்திரை பற்றி நாங்கள் துருவித் துருவிக் கேட்பதற்குக் காரணமான ஒரு காலைப்பொழுது எங்கள் நினைவில் நிற்கிறது. எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், கீழ்க் கடைவாய்ப்பல் வலியோடு வந்தார். "உடம்புக்கு ஒன்றுமில்லை, மாத்திரை எதுவும் போடுவதில்லை" என்று உறுதியாகச் சொன்னார். நாற்காலியில் சாயும்போது சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார்; கூடவே பாதி காலியான ஒரு மாத்திரை அட்டையும் கீழே விழுந்தது. அது ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கப்படும் அசிட்ரோம். இதய வால்வு மாற்றி ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. தினமும் போடுவதால் அதை அவர் மாத்திரையாகவே எண்ணவில்லை. அன்று ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவைப் பார்த்து, வால்வு இருப்பதால் ஒரு மணி நேரம் முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுத்து, மறுநாள் பல்லை எடுத்துத் தையல் போட்டு அனுப்பினோம். அந்த அட்டை விழாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்போம்.

இங்கே மாறான தவறு ஒன்றும் நடக்கிறது. பல் எடுக்கப் போகிறோம் என்று ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகளைத் தாமாகவே நான்கைந்து நாள் நிறுத்திவிட்டு வருகிறார்கள் சிலர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பல் எடுத்த குழியில் கசியும் ரத்தத்தைப் பஞ்சாலும் தையலாலும் நாங்கள் நிறுத்திவிட முடியும். மாத்திரை நின்றதால் இதயத்திலோ மூளையிலோ ரத்தம் கட்டிக்கொண்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எதையும் நிறுத்தாமல், அட்டைகளை மட்டும் கையோடு எடுத்து வாருங்கள்.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை மாத்திரையோ, ஆண்டுக்கொரு முறை ஊசியோ போடுகிறவர்களும், புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காக ஊசி போடுகிறவர்களும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் சில, பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் பட்டுப்போகச் செய்யக்கூடியவை. கழுத்திலோ வாயிலோ கதிரியக்கச் சிகிச்சை எடுத்தவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு; எத்தனை ஆண்டு கடந்திருந்தாலும் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். ஆனால் சீழ் பிடித்திருந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்கச் சொல்ல மாட்டோம். தாயின் உடம்பில் கிருமி தங்குவது குழந்தைக்கும் நல்லதல்ல.

வெறும் வயிற்றோடு வர வேண்டாம். பல் எடுப்பது ஆபரேஷன்தானே என்று எண்ணி, தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறவர்கள் பலர். நாங்கள் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்கிறோமே ஒழிய மயக்கம் கொடுப்பதில்லை. பசியும் பயமும் சேர்ந்தால்தான் ஊசி போட்டதும் தலை சுற்றி விழுகிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கமான மருந்தையும் போட்டுக்கொண்டு, முடிந்தால் காலை நேரத்தில் வாருங்கள். ரத்த அழுத்தம் 180/110 என்ற அளவைத் தாண்டியிருந்தால் அன்று வலிக்கு மட்டும் வழி செய்துவிட்டு, உங்கள் மருத்துவரைப் பார்த்து வரச் சொல்வோம்.

அடுத்தது ஊசி. இன்று பல் மருத்துவத்தில் மரத்துப்போகச் செய்யப் பெரிதும் பயன்படும் லிக்னோகெய்ன் 1943-இல் ஸ்வீடனில் உருவாக்கப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் பயன்பட்டு வரும் மருந்து. ரத்தக் கசிவைக் குறைக்கவும் மருந்து நீண்ட நேரம் நிற்கவும் அதில் மிகச் சிறிதளவு அட்ரினலின் சேர்ந்திருக்கும். அதனால் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம், தானே அடங்கிவிடும். கீழ்ப்பல்லுக்குப் போட்டால் அந்தப் பக்கத்து உதடு பாதி தடித்துப்போனதுபோல் இருக்கும். பார்வைக்கு உதடு வீங்கியிருக்காது, உணர்வு மட்டும்தான் அப்படி. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் மருந்து அங்கே சரியாக வேலை செய்யாது. "எனக்கு மட்டும் ஊசி பிடிப்பதில்லை" என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது நரம்பு வரும் வழியில் சற்றுத் தள்ளி ஊசி போடுவோம், இன்னொரு ஊசியும் தேவைப்படலாம். குத்துகிற மாதிரி வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்திவிடுவோம்.

மரத்த பிறகும் அழுத்தம் தெரியும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அழுத்தத்தை வலியாக எண்ணி நடுங்குகிறவர்கள் உண்டு. பல் எலும்பில் ஒட்டியிருப்பதில்லை. மெல்லிய நார்கள் அதை எலும்போடு கட்டிப் பிடித்திருக்கின்றன. நெம்பும் கருவியால் அந்த நார்களை அறுத்து, பிறகு குறட்டால் பிடித்து, கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமுமாக மெல்ல அசைத்துக் குழியை அகலமாக்குகிறோம். அப்போது நறுக்கென்று ஒரு சத்தம் உங்கள் காதுக்குள்ளேயே கேட்கும். தாடை எலும்பு வழியாகப் போகும் சத்தம் அது. வேர் வளைந்திருந்தாலோ உடைந்தாலோ ஈறைச் சிறிது திறந்து, பல்லை இரண்டு மூன்று துண்டாக்கி எடுக்க வேண்டியிருக்கும். அப்படியானால் நேரமும் கட்டணமும் கூடும். எக்ஸ்ரேயில் தெரிகிறவரை அதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவோம்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கிவிடும் என்ற பயம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. மூளையிலிருந்து அவை தனித்தனியாகவே புறப்படுகின்றன. பல் எடுப்பதால் பார்வை போவதில்லை. அதேபோல், வீக்கம் வடியும்வரை பல்லைத் தொடக்கூடாது என்பதும் பழைய எண்ணம். மரத்துப்போகச் செய்ய முடிந்தால், வீக்கம் இருக்கும்போதே பல்லை எடுத்து சீழுக்கு வழிவிடுவதுதான் விரைவில் குணம் தரும். ஆன்டிபயாட்டிக் மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டால் வலி அடங்கும், வேரின் நுனியில் உள்ள காரணம் அங்கேயே இருக்கும், சில வாரங்களில் திரும்பி வரும்.

பல் எடுத்த பிறகு குழியில் நிரம்பி உறையும் ரத்தம்தான் உங்களுக்கு மருந்து. கீழே இருக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் அதுதான் மூடிக் காக்கிறது; அதன் மேல்தான் புதுச் சதை வளர்கிறது. நாங்கள் வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம்வரை பேசாமல் கடித்திருங்கள். அதை எடுத்த பின் எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். இதுதான் நம்மவர்களுக்கு மிகக் கடினமாக இருக்கிறது. வாயில் ரத்தச் சுவை பட்டதும் துப்பத் தோன்றும்; துப்பத் துப்ப வாய்க்குள் இழுவிசை உண்டாகி, உறைந்தது பெயர்ந்து மறுபடி கசியும். ஒரு சொட்டு ரத்தம் எச்சிலில் கலந்தால் வாஷ்பேசின் முழுதும் சிவப்பாகத் தெரியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அப்படியும் நிற்காவிட்டால் சுத்தமான துணியை ஈரமாக்கி, சிறியதாக மடித்து, குழியின் மேல் வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது. ஸ்ட்ராவில் உறிஞ்சவும் கூடாது. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் வைத்திருந்து மெதுவாக வழியவிடுங்கள். ஆறிய இட்லி, குழைந்த தயிர் சாதம், ஐஸ்கிரீம் எல்லாம் சாப்பிடலாம். சூடான ரசம், காரக் குழம்பு, முறுக்கு வேண்டாம். கன்னத்தில் வெளியே துணியில் சுற்றிய ஐஸை வைக்கலாம். தவிட்டு ஒத்தடமும் வெந்நீர் ஒத்தடமும் அன்று கூடாது. குழந்தைகளுக்கு மரப்பு விலகும்வரை ஒருவர் அருகே இருக்க வேண்டும். உணர்வில்லாத உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக் கொள்வார்கள்.

பீடி, சிகரெட், புகையிலை போடுகிறவர்களிடம் கெஞ்சியே கேட்கிறோம்: குறைந்தது மூன்று நாள் விட்டுவிடுங்கள். உறைந்த ரத்தம் கரைந்தோ பெயர்ந்தோ போனால் குழி வறண்டு எலும்பு வெளியே தெரியும். முதலிரண்டு நாள் குறைந்துகொண்டே வந்த வலி, மூன்றாம் நாள் திடீரென்று கூடிக் காதுவரை பாயும், துர்நாற்றமும் இருக்கும். கீழ் ஞானப்பல் எடுத்த இடத்தில் இது அதிகம் வரும். அப்படி நேர்ந்தால் மருந்துக்கடைக்குப் போகாமல் எங்களிடம் வாருங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் அன்றே ஆறுதல் கிடைக்கும்.

மரப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் விலகும். அதற்கு முன்பே முதல் வலி மாத்திரையைப் போட்டுவிடுவது நல்லது. சிறுநீரகக் கோளாறு, குடல்புண், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எங்களைக் கேட்காமல் இபுப்ரோஃபன் வகை மாத்திரைகளைத் தொடக்கூடாது. வலிக்காக ஆஸ்பிரினை ஈறில் வைத்து அழுத்துகிற வழக்கம் ஒன்று இருக்கிறது; அது ஈறை வெந்துபோகச் செய்துவிடும்.

எங்கள் மருத்துவமனைக்கு வரவே கூடாத நிலைகளும் உண்டு. வீக்கம் தாடைக்கு அடியில் இரு பக்கமும் கல்போல் கெட்டிப்பட்டாலோ, நாக்கு மேலே தூக்கிக்கொண்டாலோ, எச்சிலை விழுங்க முடியாமல் வழிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கண்ணை மூடும் அளவுக்குக் கன்னம் வீங்கிக் காய்ச்சலும் குளிரும் இருந்தாலோ, எந்த நேரமானாலும் 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். பல்லின் சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்; சில மணி நேரம்கூடத் தாமதிக்க முடியாது.

ஈறு மூட மூன்று நான்கு வாரமும், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்களும் ஆகும். தையல் போட்டிருந்தால் ஏழாம் நாள் வாருங்கள். அந்த இடத்தில் பல் கட்டுவது பற்றி அன்றே பேச வேண்டியதில்லை. ஆறிய பிறகு நிதானமாகப் பேசலாம். பல் எடுத்த அன்று மாலை எங்கள் செவிலியர் உங்களை அழைத்து ரத்தம் நின்றதா, சாப்பிட்டீர்களா என்று கேட்பார். அந்த அழைப்பை எடுங்கள். பேச முடியாவிட்டால் வீட்டில் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மருத்துவர்களும் பணியாளர்களும்