அண்ணன் உறவையும் சேர்த்து அறுக்க வேண்டாம், அக்கா

அன்புள்ள அக்கா,

உங்கள் நிலையில் இன்னும் பல தாய்மார் இருப்பதால், பெயர் போடாமல் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீங்கள் தத்தெடுத்த மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டதா? கேட்கச் சொன்னது அவளுடைய அண்ணன். ஹட்டனில் சிறுவர் இல்லத்திலிருந்து எங்கள் பாடசாலைக்கு வருகிறான். "ஏழு வயசாச்சே டீச்சர், விழுந்திருக்கும்ல" என்கிறான். பெற்ற அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன நாட்களில், பள்ளி விட்டதும் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடித் தங்கச்சியை இடுப்பில் தூக்கி வந்தவன். ரொட்டியில் கருகிய ஓரத்தைப் பிய்த்துவிட்டுத்தான் கொடுக்கணுமாம், இல்லாவிட்டால் தொடமாட்டாளாம். அது உங்களுக்குத் தெரியுமா என்றும் விசாரித்தான்.

அண்ணனோடு போன் பேசினால் பிள்ளை இரண்டு நாள் அழுகிறாள், அதனால் நிறுத்திவிட்டேன் என்றீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அழுகை நின்றதால் நினைப்பும் நின்றது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த கோல் எப்போது என்று தெரியாவிட்டால் பிள்ளை அழத்தான் செய்யும். மாதத்தில் ஒரு ஞாயிறு என்று நாள் சொல்லிப் பாருங்கள்.

1941ஆம் ஆண்டின் மகவேற்பு (தத்தெடுப்பு) சட்டப்படி நீதிமன்றக் கட்டளை கிடைத்த நாளிலிருந்து நீங்கள்தான் அவளுக்குத் தாய். பையன் அதற்குப் போட்டிக்கு வரவில்லை. 2009இல் ஐ.நா. பொதுச்சபை வரவேற்ற, பெற்றோர் பராமரிப்பு இல்லாத பிள்ளைகளுக்கான மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள், கூடப் பிறந்தவர்களைக் கூடுமானவரை பிரிக்க வேண்டாம், பிரிந்தாலும் தொடர்பு விடாமல் பார்க்க வேண்டும் என்கின்றன. பிள்ளைக்கு விருப்பமில்லை, அல்லது கெடுதி என்றால் மட்டும் வேறு. கட்டளை கிடைத்த பிள்ளைக்கு அவை பொருந்தாது. இல்லத்தில் இருக்கும் அவனுக்குப் பொருந்தும், ஆனால் போனின் மறுமுனை உங்கள் கையில் இருக்கிறது. இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 8ஆம் உறுப்புரையும் குடும்ப உறவைப் பிள்ளையின் அடையாளத்தோடு சேர்த்தே சொல்கிறது.

ஆண்பிள்ளை ஓர் இல்லம், பெண்பிள்ளை ஓர் இல்லம் என்று முதலில் பிரித்தது நீங்கள் இல்லை. (அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.)

ஹட்டனும் உங்கள் பண்டாரவளையும் ஒரே ரயில் பாதைதான். சரி, நேரில் சந்திப்பதை அப்புறம் பார்க்கலாம். சிறுவர் விவகாரங்களைப் பார்க்கும் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டும், அந்த அலைச்சல் என்னுடையதாக இருக்கட்டும். இப்போதைக்கு அவளை ஒரு நிமிடம் பேசவைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இல்லத்தில் போன் கொடுப்பது ஞாயிறு பின்னேரம் மட்டும். சனிக்கிழமைக்குள் வந்தால் நல்லது.

அன்புடன்,
அவனுடைய வகுப்பு டீச்சர்