தையல் டீச்சருக்கு மாதச் சந்தா எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'உங்கள் கைத்தொழிலை ஆன்லைன் கோர்ஸ் ஆக்குங்கள், வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்' என்ற விளம்பரங்கள் செல்பேசியிலும் வருகின்றன, நாளிதழ்களின் வரிவிளம்பரப் பகுதியிலும் வருகின்றன. அதை நம்பிப் போகிற தையல் டீச்சரிடமும், ஆரி வேலை தெரிந்தவரிடமும், டேலி என்ற கணக்கு மென்பொருள் சொல்லிக்கொடுப்பவரிடமும் முதலில் பயிற்சிக் கட்டணம் வாங்குகிறார்கள். அடுத்து 'உங்கள் பெயரில் தனி ஆப்' என்று ஒரு தொகை, அதற்குப் பிறகு மாதச் சந்தா. ஒரு மாணவி சேர்வதற்குள் கையிருப்பு கரைந்துவிடுகிறது. இந்த வேலைக்கு வேண்டிய மென்பொருள் அத்தனையும் இலவசமாகவே கிடைக்கிறது. எதை எப்படிப் பயன்படுத்துவது, எங்கே சிக்கும் என்பதை, பிளவுஸ் தையல் வகுப்பை வைத்தே சொல்கிறேன்.

பலர் செய்கிற பெரிய பிழை, நாற்பது வீடியோ எடுத்து முடித்துவிட்டு அதன் பிறகு ஆள் தேடுவது. ஒரே ஒரு பாடத்தை எடுத்து யூடியூபில் எல்லோரும் பார்க்கும்படி போட்டால் போதும். அதுவும் 'தையல் கற்கலாம் வாங்க' என்று பொதுவாக இருக்கக் கூடாது. 'அளவு பிளவுஸை வைத்து லைனிங் பிளவுஸ் வெட்டுவது' என்று, முடித்ததும் கையில் ஒரு பொருள் இருக்கும்படி தலைப்பு அமைய வேண்டும். அதைப் பார்த்து விசாரிப்பவர்களில் பத்துப் பேரைச் சேர்த்து, குறைந்த கட்டணத்தில் முதல் வகுப்பை நேரலையில் நடத்திவிட வேண்டும். கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடத்தில் அழைப்பு முடிந்துவிடும். ஜூமில் 40 நிமிடம்தான். 45 நிமிடம் பாடம், 10 நிமிடம் கேள்வி என்று வைத்துக்கொண்டால் மீட்டே போதும்.

அந்தப் பத்து நிமிடக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைப்பது மிக முக்கியம். 'கைக்குழியை முன்பக்கம் மட்டும் ஏன் கூடுதலாக வளைத்து வெட்டுகிறோம்?', 'டக் பிடித்த பிறகு உயரம் குறைந்துவிட்டதே?', 'அளவு பிளவுஸே இறுக்கமாக இருந்தால் எதை வைத்து வெட்டுவது?' என்று வருகிற ஒவ்வொரு கேள்வியும் பதிவு செய்யப்போகும் ஒரு பாடம். பாடத்திட்டத்தை ஆசிரியர் தனியே உட்கார்ந்து யோசித்தால் இவற்றில் பாதி நினைவுக்கே வராது. பழகிய கைக்கு அவை கேள்வியாகவே தோன்றாது.

பாடம் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதற்கு மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் நல்ல முன்மாதிரி. கணினி மென்பொருள்களைத் தமிழ் உட்பட பல இந்திய மொழிகளில் இலவசமாகக் கற்றுத்தரும் திட்டம் அது. ஒரு பாடம் சுமார் பத்து நிமிடம். முதலில் பேச வேண்டியதை எழுதுவார்கள்; விஷயம் தெரியாத ஒருவர் அதைப் படித்துத் தானே செய்து பார்த்து, சிக்கும் இடத்தைச் சொல்வார்; அதைத் திருத்திய பிறகே பதிவு. தையலுக்கும் இது அப்படியே பொருந்தும். எழுதிய தாளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் பழைய துணியில் வெட்டச் சொன்னால், 'மார்புச் சுற்றளவு 36 என்றால் நாலில் ஒரு பங்கு 9, அதோடு ஒன்றரை அங்குலம்' என்ற இடத்தில் நின்றுவிடுவார். அந்த ஒன்றரை அங்குலம் தையலுக்கும், பின்னால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளவும் விடுகிற துணி என்று நாம் சொல்லியிருக்க மாட்டோம்.

படம் எடுக்கச் செல்பேசியே போதும். வெட்டும் மேசைக்கு மேலே சுமார் மூன்றடி உயரத்தில், கேமரா நேர் கீழே பார்க்கும்படி ஹோல்டரில் பொருத்த வேண்டும். அப்படிக் கீழ்நோக்கி இருக்கும்போது எது மேல்பக்கம் என்று செல்பேசிக்குத் தெரியாது. திடீரென்று படம் குறுக்காகவோ தலைகீழாகவோ பதிவாகிவிடும். ஐந்து விநாடி பதிந்து பார்த்துவிட்டுத்தான் துணியில் கை வைக்க வேண்டும். ஏரோப்ளேன் மோடில் போட மறந்தால் நடுவில் ஓர் அழைப்பு வந்து பதிவையே நிறுத்திவிடலாம். வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட முடியாது.

கரும்பச்சைத் துணியில் வெள்ளை சாக்பீஸ் கோடு போடும்போது, கையும் டேப்பும் உள்ளே வந்து போவதற்கேற்பப் படம் இருண்டும் வெளுத்தும் மாறிக்கொண்டே இருக்கும். திரையில் துணியின் மேல் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் போகஸும் பூட்டிக்கொள்ளும். மலிவான எல்இடி விளக்கில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக ஓடினால், கேமரா அமைப்பில் ஆன்டி ஃப்ளிக்கரை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்ற வேண்டும், நம் ஊர் மின்சாரம் அதுதான். ஜன்னலோரப் பகல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால் இந்தத் தொல்லையே இல்லை, சாக்பீஸ் கோடும் துணியின் மடிப்பும் எடுத்துத் தெரியும்.

படம் சுமாராக இருந்தாலும் மாணவிகள் பொறுத்துக்கொள்வார்கள். ஒலி மோசமாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் மூடிவிடுவார்கள். காசு செலவழிக்க விரும்பினால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காலர் மைக்கில் செலவழிக்கலாம். வாய்க்கு ஒரு சாண் கீழே, சேலை முந்தானை உரசாத இடத்தில் குத்த வேண்டும். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். வெறும் சுவர்கள் உள்ள கூடத்தைவிட மெத்தையும் துணி அடுக்கும் உள்ள அறையில் எதிரொலி குறைவு.

பிறகு ஒலியைச் சுத்தம் செய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஐந்து விநாடி பேசாமல் இருந்தால் அறையின் இரைச்சல் மட்டும் தனியே கிடைக்கும். அந்த ஐந்து விநாடியைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் பட்டியலில் நாய்ஸ் ரிடக்ஷன் போய், 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' அழுத்த வேண்டும். அடுத்து முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து அதே இடத்துக்குத் திரும்பிப் போய் ஓகே. அளவு 6 முதல் 12 டெசிபலுக்குள் இருக்கட்டும். மேலே ஏற்றினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். கடைசியாக ஒலியின் உச்ச அளவைச் சரிசெய்யும் நார்மலைஸ், மைனஸ் 1 டெசிபல். இந்த மூன்று படிகளே போதும். பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். உரிமைப் பிரச்சினை ஒரு பக்கம், கத்தரி ஓடும் சத்தமும் பாடத்தில் ஒரு பகுதிதான் என்பது இன்னொரு பக்கம்.

கணினித் திரையைப் பதிவு செய்ய வேண்டிய டேலி, எக்செல் வகுப்புகளுக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ இருக்கிறது. அதில் பதிவு வடிவத்தை எம்கேவி என்று வைக்க வேண்டும். சாதாரண எம்பி4-இல் பதிந்துகொண்டிருக்கும்போது கரன்ட் போனால் கோப்பு முழுவதும் திறக்காமல் போய்விடும். எம்கேவி-யில் அதுவரை பதிந்தது பிழைக்கும். முடிந்ததும் ஃபைல் பட்டியலில் உள்ள ரீமக்ஸ் மூலம் சில விநாடிகளில் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

தமிழில் பாடம் செய்பவர்களை மட்டும் பிடிக்கிற ஒரு சிக்கல் உண்டு. வீடியோ தொகுக்கும் சில மென்பொருள்களில் 'கொக்கி' என்று தட்டினால் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இடம் மாறி எழுத்து சிதறும். அந்த மென்பொருள் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வரையத் தெரியாதது என்று பொருள். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் என்ற இலவச மென்பொருளில் எழுத்துப் பலகையைச் செய்து, படமாக ஏற்றுமதி செய்து, அந்தப் படத்தை வீடியோவில் செருகுவதே வழி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய குறிப்புகளை அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத செல்பேசியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் தட்டி, பிடிஎஃப் ஆக்கி அனுப்ப வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, கேட்டமரன் ஆகியவை விற்பனைக்கும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய இலவச எழுத்துருக்கள்.

வீடியோவை வெட்டி ஒட்டுவதற்கு ஷாட்கட், கேடென்லைவ் இரண்டுமே இலவசம், இரண்டுமே வீடியோவின் மேல் தங்கள் முத்திரை போடாதவை. செல்பேசியில் எடுத்ததை நேரே அவற்றில் போட்டால் பத்தாவது நிமிடத்தில் குரல் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போகக் காண்கிறோம். செல்பேசி விநாடிக்கு ஒரே எண்ணிக்கையில் படம் எடுப்பதில்லை என்பதே காரணம். முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' என்று தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டால் இது சரியாகும். முடித்த பாடத்தையும் அதிலேயே சுருக்கலாம். செல்பேசியில் 1080 (முழு எச்டி) தரத்தில் எடுத்த பதிவு நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி. அதை 720 தரத்துக்கு இறக்கி 2,500 கேபிபிஎஸ் (விநாடிக்கு 2,500 கிலோபிட்) வேகத்தில் வைத்தால் ஒலியோடு சேர்த்து நிமிடத்துக்கு 20 எம்பி. ஐந்து மணி நேரப் பாடம் 6 ஜிபியில் அடங்கும்; கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் பாதிகூட ஆகாது. மாணவி ஒரு பத்து நிமிடப் பாடம் பார்க்க 200 எம்பி போதும் என்பதும் இதில் இருக்கிறது. தினசரி டேட்டாவில் படிப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இனி, காசு கொடுத்தவர் மட்டும் பார்க்கும்படி செய்வது. யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்று போட்டு இணைப்பை அனுப்புவது பாதுகாப்பல்ல. இணைப்பு யாரிடம் போனாலும் திறக்கும். டிரைவ் கோப்புறையைக் குறிப்பிட்ட ஜிமெயில் முகவரிகளுக்கு மட்டும் திறந்துவிட்டு, ஒவ்வொரு வீடியோவின் பகிர்வு அமைப்பிலும் பதிவிறக்க அனுமதியை எடுத்துவிட வேண்டும். ஐம்பது பேரை ஒவ்வொரு கோப்புறையிலும் சேர்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு பேட்சுக்கு ஒரு கூகுள் குரூப் தொடங்கி, அந்தக் குரூப்பின் முகவரிக்குக் கோப்புறையைப் பகிர்ந்தால், குரூப்பில் ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் மட்டுமே வேலை. புதிதாக ஏற்றிய வீடியோ உடனே ஓடாது, டிரைவ் அதைத் தயார்செய்யச் சில நேரம் மணிக்கணக்கில் ஆகும். வகுப்பு தொடங்கும் நாளுக்கு முந்தைய நாளே ஏற்றிவிட வேண்டும். திரையைப் பதிவு செய்கிறவரை இதெல்லாம் தடுக்காது. காசு கட்டி வாங்கும் ஆப்களிலும் இன்னொரு செல்பேசியை முன்னால் வைத்துப் படம் பிடிப்பவரைத் தடுக்க வழியில்லை.

நடைமுறையில் மிகுதியாக வரும் புகார் 'வீடியோ திறக்கவில்லை, அனுமதி கேட்கிறது' என்பதுதான். மாணவி சொன்ன ஜிமெயில் ஒன்று, செல்பேசியில் இருப்பது கணவருடையதோ மகனுடையதோ. முகவரியைக் கையால் எழுதி வாங்கினால் எழுத்துப்பிழையும் சேரும். கூகுள் ஃபார்மில் சேர்க்கைப் படிவம் வைத்து, மின்னஞ்சல் சேகரிப்பை 'வெரிஃபைட்' என்று அமைத்தால், அந்தச் செல்பேசியில் எந்தக் கணக்கு உள்ளதோ அதுவே தானாகப் பதிவாகும். இந்த ஒரு அமைப்பு பாதி அழைப்புகளைக் குறைத்துவிடும்.

கட்டணத்துக்கு யூபிஐ போதும். வங்கிக் கணக்கிலிருந்து வரும் யூபிஐ பணத்துக்கு வணிகரிடம் கட்டணம் பிடிப்பது 2020 ஜனவரி 1 முதல் இல்லை. இணையத்தில் பணம் வாங்கித்தரும் பேமென்ட் கேட்வே சேவையை வைத்தால் வழக்கமாக 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், அதாவது ஆயிரத்துக்கு 23 ரூபாய் 60 காசு போகும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சேர்க்கக் கூடாது, போலியாகச் செய்வது எளிது. படிவத்தில் 12 இலக்க யூபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்கி, வங்கிக் கணக்கில் அதே எண்ணில் பணம் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே குரூப்பில் சேர்க்க வேண்டும். பணம் பெற பின் நம்பர் போடச் சொல்கிறவர் மோசடிக்காரர்.

ஆன்லைன் பாடங்களை விற்கும் யூடெமி போன்ற தளத்தில் போட்டால் சேர்க்கை, கட்டணம், சேமிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு, முன்பணமும் இல்லை. ஆனால் ஆசிரியரின் சொந்த இணைப்பு வழியாக விற்றால்தான் 97 சதவீதம். தளமே ஆள் பிடித்தால் 37 சதவீதம். 500 ரூபாய்ப் பாடத்தில் வரி நீங்கலாகக் கணக்கிட்டால் 485-க்கும் 185-க்கும் உள்ள வித்தியாசம். முதல் ஐம்பது மாணவிகள் வரை டிரைவும் யூபிஐயுமே மேல்.

சேவைகளுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கடையில் தைத்துக் கொடுக்கும் கூலியும் அந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தங்களிடம் ஒரு கோரிக்கை. 'கோர்ஸ் விற்றுச் சம்பாதிக்கலாம்' என்று வரும் விளம்பரங்களை வெளியிடும்போது, மொத்தக் கட்டணம் எவ்வளவு, மாதச் சந்தா உண்டா, விலகினால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்ற மூன்றையும் விளம்பரத்திலேயே அச்சிடச் செய்ய வேண்டும். இந்த மூன்றையும் எழுத மறுப்பவரின் விளம்பரத்தைத் தங்கள் நாளிதழ் ஏற்காமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருப்பூர்