ஆடுகளைக் கடித்தது ஓநாய்தானா? கால்நடை வளர்ப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

கொட்டில்களில் ஆடுகள் செத்துக் கிடந்ததையடுத்து, ஓநாய் வந்துவிட்டது என்றும் நஞ்சூட்டிய இறைச்சியை வேலியோரம் போடும்படியும் சங்கம் விடுத்த அறிவித்தலைப் படித்தபின் இதை எழுதுகிறேன்.

இலங்கையில் ஓநாய் இல்லை. நாய்க் குடும்பத்தில் இங்கே காட்டில் வாழும் ஒரே இனம் நரி. "ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்" என்ற பழமொழிக்கு வெளியே எம்மவரில் ஓநாயைக் கண்டவர் எத்தனை பேர்?

என் வளவிலும் இரண்டு மறிகள் போயின. விடியப்புறம் குனிந்து பார்த்தபோது காதுகளும் பின்தொடைகளும் கிழிந்திருந்தன, இறைச்சி ஏறத்தாழ அப்படியே கிடந்தது, ஈரமண்ணில் பெரிதும் சிறிதுமாகக் கால்தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று பதிந்திருந்தன. கண்ட இடமெல்லாம் குதறி, தின்னாமல் விட்டுப்போவது பெரும்பாலும் கட்டாக்காலி நாய்க் கூட்டத்தின் வேலை.

ஓநாய் மனிதரைத் தொடாது என்று வாதிட நான் வரவில்லை. 1996இல் உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கர் பகுதியில் அது சிறுவர்களைக் கொன்றது உண்மை. ஆயினும் 2002 முதல் 2020 வரை ஓநாயால் தாக்கப்பட்டவர்களென நோர்வே ஆய்வாளர்கள் உலகெங்குமிருந்து திரட்டி உறுதிப்படுத்திய 489 பேரில் 380 பேர் விசர் பிடித்த விலங்கிடம் கடிபட்டவர்கள்; இரையெனக் கருதப்பட்டுத் தாக்கப்பட்டவர்கள் 67 பேர் மட்டுமே. ஓநாயிடமே அஞ்சவேண்டியது முதலில் விசரைத்தான் என்றால், அந்த விசரை எம்மிடம் கொண்டுவருவது பெரும்பாலும் நாய் என்பதைச் சங்கம் எப்படி மறந்தது?

நஞ்சு ஆள் பார்த்துக் கொல்லாது. காகமும் கீரியும், தடுப்பூசி போட்ட அயல்வீட்டு நாயும் சாகும். வெறுமையான இடத்துக்கு ஊசி போடாத புதிய நாய்கள் வந்துசேரும். நஞ்சூட்டிய இறைச்சியை விலங்கு தின்னும் முன் ஒரு குழந்தை கையில் எடுத்தால் என்ன செய்வது என்பதை அறிவித்தலை எழுதியவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே அறிவித்தலை உடனே மீளப்பெறுங்கள். இனி ஆடு செத்தால் புதைக்குமுன் கால்நடை வைத்தியரைக் கொண்டு காயங்களைப் பார்க்கச் செய்யுங்கள். நாய்களுக்கான தடுப்பூசி, கருத்தடை நாளொன்றைப் பிரதேச சபையிடம் கேட்டு வாங்குங்கள். இரவில் கொட்டிலின் கீழ்ப்பகுதியை வலையடித்து மூடுவதற்கு உறுப்பினருக்குக் கடன் கொடுத்தால், நஞ்சுக்குச் செலவிடும் காசு வீணாகாது.

என் மறிகளின் காயங்களைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவேன்.

இங்ஙனம்,
ஆடு வளர்க்கும் உறுப்பினர் ஒருவர்,
யாழ்ப்பாணம்