எந்த ஆடியோவில் பார்த்தீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமைதோறும் வரும் உங்கள் ஓடிடி பக்கத்தில் முக்கால் பத்தி கதைச் சுருக்கம், நடிப்பைப் பற்றி இரண்டு வரி, கடைசியில் மூன்றரை நட்சத்திரம் என்று விமர்சனம் முடிந்துவிடுகிறது. தியேட்டர் படத்துக்கு இது போதும். அங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே திரை, ஒரே ஒலி. வீட்டில் அப்படி இல்லை. ஒரு வீட்டில் அசத்தலாகத் தெரியும் தொடர், பக்கத்து வீட்டில் "என்னமோ மெகா சீரியல் மாதிரி இருக்கே" என்று சொல்ல வைக்கும். எதில், எந்த ஆடியோவில் பார்த்தோம் என்று சொல்லாமலே உங்கள் விமர்சகர்கள் ஒளிப்பதிவுக்கும் ஒலிக்கும் மதிப்பெண் போடுகிறார்கள்.

அந்த 'சீரியல் மாதிரி' சங்கதியையே எடுத்துக்கொள்வோம். சினிமாவும் பெரும்பாலான வெப் தொடர்களும் நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுகின்றன. இன்றைய டிவிகள் இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் தாமாகவே புது ஃபிரேம்களைக் கற்பனை செய்து செருகுகின்றன. கிரிக்கெட்டுக்கு இது நன்றாக இருக்கும். படத்துக்குப் போட்டால் எல்லாம் வழவழவென்று நகர்ந்து, ஷூட்டிங்கை நேரில் வேடிக்கை பார்ப்பது போலாகிவிடும். எல்ஜியில் இதற்கு ட்ரூமோஷன் என்று பெயர், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி. பிக்சர் செட்டிங்ஸ் உள்ளே போய் அணைத்துவிடலாம். 2019இல் அறிவிக்கப்பட்ட 'ஃபிலிம்மேக்கர் மோட்' உங்கள் டிவியில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும், இது தானாக அணைந்துவிடும்.

ஒருமுறை அணைத்தவர்கள் பலர் "மறுபடியும் வந்துடுச்சே" என்று குழம்புவதுண்டு. சாதாரணப் படம், எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் பட முறை), அதில் ஒரு வகையான டால்பி விஷன் என்று ஒவ்வொன்றுக்கும் டிவி தனித்தனியாக செட்டிங்கை நினைவில் வைத்திருக்கும் என்பதுதான் காரணம். எச்டிஆர் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனுவைத் திறந்து அங்கேயும் ஒருமுறை அணைக்க வேண்டும். "இரவுக் காட்சிகள் ஒரே இருட்டு" என்ற புகாரிலும் பாதி இந்த வகைதான். அதிக வெளிச்சம் தர முடியாத விலை குறைந்த டிவிகளில் எச்டிஆர் மங்கலாகவே தெரியும். அதோடு பவர் சேவிங்கும் சேர்ந்துகொண்டால் முகமே தெரியாது. ஒளிப்பதிவாளரைத் திட்டுவதற்கு முன் பவர் சேவிங்கை அணைத்துப் பார்க்கலாமே?

ஒலியும் இதே கதைதான். ஆறு ஸ்பீக்கர்களுக்கு ஆறு தடமாகப் பிரித்த 5.1 ஆடியோவில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கென்று பிரிக்கப்பட்டிருக்கும். டிவியில் இருப்பதோ கீழ்ப்பக்கம் பார்த்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். ஆறு தடத்தையும் இரண்டுக்குள் திணிக்கும்போது பின்னணி இசை எழும்பி நிற்கும், வசனம் அமுங்கிவிடும். பேசும்போது ஒலியைக் கூட்டி, சண்டை வந்ததும் பதறிப்போய்க் குறைத்து, கடைசிவரை ரிமோட்டைக் கீழே வைக்க முடியாது. ஆடியோ மெனுவில் 5.1, ஸ்டீரியோ இரண்டும் இருந்தால் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். டிவியின் சவுண்ட் மோடில் சினிமா, சரவுண்ட் போன்றவற்றை விட்டுவிட்டு ஸ்டாண்டர்டுக்கு வாருங்கள், கிளியர் வாய்ஸ் இருந்தால் போடுங்கள். இரண்டு சேனல் சவுண்ட்பார் மாட்டியிருப்பவர்கள் டிஜிட்டல் சவுண்ட் அவுட்புட்டை பிசிஎம் (டிவியே ஒலியை இரண்டு தடமாக்கி அனுப்பும் முறை) என்று மாற்றிப் பார்க்கலாம். கறுப்புப் பட்டை பிடிக்கவில்லை என்று ஜூம் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அகலத்திரைப் படமான சினிமாஸ்கோப்பை அப்படித் திரை முழுக்க நிரப்பினால் அகலத்தில் கால்வாசி வெட்டுப்பட்டுப் போகும். ஓரத்தில் நிற்கும் ஆள் போய்விடுவார், சில நேரம் சப்டைட்டிலும் அவரோடு போய்விடும்.

அடுத்தது டப்பிங். ப்ரொஃபைல் மொழி தமிழ் என்றிருந்தால் பல செயலிகள் கேட்காமலே தமிழ் டப்பிங்கை ஓட்டிவிடும். "நடிப்பு ஒட்டவில்லை" என்று எழுதும் விமர்சகர் மூலக் குரலைக் கேட்டாரா என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? மலையாளப் படங்களில் இது ரொம்பவே முக்கியம். 2024இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் கொச்சிப் பையன்கள் கொடைக்கானலில் சிக்கிக்கொண்டு, தமிழ் பேசுகிறவர்களிடம் உதவி கேட்டுத் தவிக்கிறார்கள். மூலத்தில் அவர்கள் மலையாளம், ஊர்க்காரர்கள் தமிழ். எல்லோரையும் தமிழே பேச வைத்தால் அந்தத் தவிப்பில் பாதி காணாமல் போகும். இப்படிப்பட்ட படத்துக்கு 'மூலத்தில், சப்டைட்டிலோடு பாருங்கள்' என்ற மூன்று வார்த்தை, மூன்றரை நட்சத்திரத்தைவிட எனக்குப் பயன்படும். மாறாக, பாட்டியும் சேர்ந்து உட்காரும் வீட்டில் ஓடுகிற எழுத்தைப் படிக்க முடியாது. அங்கே டப்பிங் கேட்கும்படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டையும் பத்து நிமிடமாவது ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதினால் நல்லது.

'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்ற வரியை நீங்கள் தயவுசெய்து நிறுத்திவிடலாம். யாருடைய குடும்பம்? 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி நிறுவனங்கள் தங்கள் படைப்புகளை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று தாங்களே வகைப்படுத்தி, வன்முறை, கெட்ட வார்த்தை என்று காரணத்தையும் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதியும் தர வேண்டும். தணிக்கை வாரியம் தியேட்டருக்குக் கொடுத்த சான்றிதழ் வேறு, இது வேறு. தியேட்டரில் மியூட் செய்யப்பட்ட வார்த்தை வீட்டில் கணீரென்று கேட்கலாம். ஆகவே திரையில் வரும் வகையை அப்படியே அச்சிடுங்கள். அதோடு எந்தப் பகுதியில் எது வருகிறது என்று கதையை உடைக்காமல் ஒரு குறிப்புக் கொடுங்கள்.

தொடர்களில் இன்னொரு சிக்கல். வெளியீட்டுக்கு முன் பத்திரிகைகளுக்குச் சில பகுதிகளை மட்டும் அனுப்பும் வழக்கம் உண்டு. 'சுழல்' போல 8 பகுதி கொண்ட குற்றக் கதையில் கடைசி இரண்டில்தான் முடிச்சு அவிழும், அல்லது எல்லாம் சொதப்பும். மூன்றைப் பார்த்துவிட்டு எழுதுவதில் தப்பில்லை, மூன்றைத்தான் பார்த்தேன் என்று சொல்லிவிட வேண்டும்.

இடம் இல்லை என்பீர்கள். கதைச் சுருக்கத்தில் மூன்று வரியைக் குறைத்தால் இது அடங்கிவிடும்: "8 பகுதி, மொத்தம் ஆறு மணி நேரம். மூலமொழி மலையாளம், தமிழ் டப்பிங் சுமார். யு/ஏ 16+, 5ஆம் பகுதியில் ரத்தம் அதிகம். இரவுக் காட்சிகள் நிறைய, பகலில் பார்ப்பவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்ளவும். எட்டையும் பார்த்து எழுதியது, 43 அங்குல டிவி, தனி ஸ்பீக்கர் இல்லை." உங்கள் இணையப் பதிப்பைப் படிக்கும் மலேசியா, இலங்கை வாசகர்களுக்காக 'இந்தியாவில்' என்ற சொல்லையும் தளத்தின் பெயருக்கு முன்னால் சேர்த்துவிடுங்கள். ஓடிடி உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்கப்படுவதால் அதே படம் அங்கே வேறு தளத்தில் இருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்