கழிவுப் பட்டியலில் நம் நூல்கள்

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி தணிந்திருக்கிறது. உன் தங்கையின் திருமணத்துக்குக் கட்டாயம் வருகிறோம். இப்போது எழுதுவது நம் கிளை நூலகத்தைப் பற்றி.

நைந்தவை, நெடுநாளாக இரவல் போகாதவை என்று ஓர் அலமாரி நிறைய நூல்களைக் கழிவுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நாம் சண்டையிட்டுப் படித்த துப்பறியும் நாவல்களும் அதில் உண்டு. அவற்றின் கடைசிப் பக்கங்களைக் கிழித்தது நீதான் என்று நூலகர் ஐயா ஓய்வுபெறும்வரை நம்பினார். நான் இன்றும் நம்புகிறேன்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வாசிப்பறையை நிறைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இடம் வேண்டும்தான். ஆனால், "எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே" என்று அங்கே ஒருவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. நூல்களை மின்வடிவாக்குவதன் அருமை எனக்குத் தெரியாததல்ல. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறு படி இல்லாத சுவடிகளும் நூல்களும் சாம்பலாயின. அந்த இழப்பை அறிந்தவர்கள் 2005 முதல் 'நூலகம்' தளத்தில் ஈழத்து எழுத்துகளைச் சேர்த்து வருவதை வணங்குகிறேன். நம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பெரும்பணி.

ஆயினும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிப்பதால், யாரும் இலவசமாகப் படிக்கும்படி முறையாக இணையத்தில் ஏற்றக்கூடியவை பெரும்பாலும் மிகப் பழைய நூல்களும், அரசு நாட்டுடைமை ஆக்கியவையுமே. புதியவை கடையில் கிடைக்கும். 1960களிலும் 70களிலும் வெளிவந்து, மறுபதிப்புக் காணாமல், உரிமையாளர் யாரென்றே தெரியாமல் போன நூல்கள் எங்கே கிடைக்கும்? நம் கிளை நூலகம் போன்ற இடங்களின் அடித்தட்டில்தான் கிடைக்கும். இன்று கழிக்கப்படுபவையும் அவைதாம். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டும் ஊர், அவற்றைப் பழைய தாள் விலைக்கு எடைபோடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா, சொல்.

பட்டியலின் நகலை இணைத்திருக்கிறேன். நீ சென்னையில் இருப்பதால் கன்னிமாரா நூலகத்தில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார். பதிப்பகத்தார் நூல்களை அனுப்ப வேண்டும் என்னும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கு ஒவ்வொன்றிலும் ஒரு படி வந்திருக்க வேண்டும், ஆனால் எல்லாப் பதிப்பகத்தாரும் தவறாமல் அனுப்பியவர்கள் அல்லர். மின்னூலகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டிலும் இல்லாதவற்றையாவது கழிக்காமல் வைத்திருக்குமாறு வாசகர் வட்டத்தின் சார்பில் மாவட்ட நூலக அலுவலருக்கு மனு கொடுக்கவிருக்கிறோம். அடுத்த மாதம் முதல் ஞாயிறு கூட்டம். அதற்குள் உன் குறிப்பு வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்