செத்தும் அரியணை விடாத ட்ரெகோத்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். நலம், நலமறிய அவா. பழைய ஆட்டக் குழுவை மறுபடியும் கூட்டிவிட்டீர்கள் என்பதையும், இம்முறை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் கதாபாத்திர ஆட்டத்தை டார்க் சன் என்னும் கற்பனை உலகத்தில் நடத்தப் போகிறீர்கள் என்பதையும் உங்கள் கடிதத்தில் படித்து மிகவும் மகிழ்ந்தேன். அந்த உலகத்துச் சூனிய அரசர்களுள் ஒருவனான ட்ரெகோத்தை இறுதி எதிரியாக வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் ஒரு வேண்டுகோள் உண்டு: அவனை ஒரு நகரத்தின் அரசனாக முதலில் காட்டுங்கள், செத்தும் சாகாத டிராகனாகப் பிறகு காட்டுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பொதுவாக இவ்வகை ஆட்டங்களில் இறந்த டிராகன் என்றதும் நினைவுக்கு வருவது டிராகோலிச் என்னும் வகைதான். ஏழு கடல், ஏழு மலை தாண்டிக் கிளியின் உடலில் உயிரை ஒளித்துவைத்த நம் பாட்டி கதை அரக்கனைப் போல, அது தன் ஆவியை ஒரு மணிக்கல்லில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும். உடலை வீழ்த்தி, கல்லையும் தேடிப் பிடித்து உடைத்தால் கதை முடிந்தது. ஆட்டக்காரர்களுக்கு அது ஒரு நல்ல புதிர். ஆனால் ஒரு புதிருக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ட்ரெகோத்தின் கதை வேறு வகையானது. அவன் டிராகனாகப் பிறந்தவனே அல்லன், மனிதனாகப் பிறந்தவன்.

டார்க் சன் கதைகள் நடக்கும் ஆத்தாஸ் உலகில் மந்திரம் எப்படி இயங்குகிறது என்பதை உங்கள் புதிய ஆட்டக்காரர்களுக்கு முதலிலேயே விளக்கிவிடுங்கள். அது தெரியாமல் இந்த அரசனைப் புரிந்துகொள்ள முடியாது. அங்கே மந்திரத்துக்கான ஆற்றல் செடிகொடிகளின் உயிரிலிருந்து எடுக்கப்படுகிறது. நிதானமாக எடுப்பவர்கள் நிலத்தைக் காப்பாற்றுகிறார்கள். அவசரத்தில் உறிஞ்சுபவர்கள் சாம்பலை மட்டும் விட்டுச் செல்கிறார்கள். நகரங்களை ஆளும் சூனிய அரசர்கள் ஏறக்குறைய எல்லாரும் இரண்டாம் வகையினர். அவர்களுக்கு ஆசானாக இருந்த ராஜாத், மனிதரல்லாத இனங்களை அழித்தொழிக்கும் பணியை ஆளுக்கொரு இனமாகப் பங்கிட்டுக் கொடுத்தான். ட்ரெகோத்துக்குக் கிடைத்தது இராட்சதர்களை அழிக்கும் வேலை. அந்தப் பணி முடியவே இல்லை என்பது எனக்குப் பிடித்த வேடிக்கைகளில் ஒன்று. அவனுடைய தலைநகரமான ஜியுஸ்டெனால், நீருக்குப் பதில் புழுதி நிறைந்த புழுதிக் கடலின் கரையில் இருக்கிறது. அதே கடலின் தீவுகளில் இராட்சதர்கள் இன்றும் குடியிருக்கிறார்கள்.

ராஜாத்தின் உண்மையான நோக்கம் தெரிந்ததும் சீடர்களே அவனுக்கு எதிராகத் திரும்பி அவனைச் சிறைப்படுத்தினார்கள். அந்தச் சிறைக்குக் காவலாக இருக்கும்பொருட்டு, அவர்கள் கூடித் தங்களுள் ஒருவனான போரிஸை முழு டிராகனாக உருமாற்றினார்கள். உருமாறிய போரிஸ் அறிவு பேதலித்து ஒரு நூற்றாண்டு காலம் நிலத்தைப் பாழாக்கித் திரிந்தான். எனவே பின்னாளில் ட்ரெகோத் சொந்த முயற்சியால் டிராகன் உருவை நெருங்கியபோது, இன்னொரு பைத்தியக்கார டிராகனை உலகம் தாங்காது என்று ராம் நகரத்தை ஆண்ட சூனிய அரசி அபலாக்-ரே மற்ற அரசர்களைக் கூட்டிச் சென்று அவனைக் கொன்றாள். அந்தப் போரில் ஜியுஸ்டெனால் நகரமே அழிந்தது. கதையின் நிகழ்காலத்துக்குச் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி இது. கொன்றவர்களின் அச்சத்தில் நியாயம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அவர்களும் கொடுங்கோலர்களே என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இறந்தவனைச் சாகாதவனாக எழுப்பியவர் அவனுடைய தலைமைப் பூசகரான மோன் அடெராத். 1992இல் வந்த டிராகன் கிங்ஸ் விதிநூலின்படி மனிதன் டிராகனாவது 21 முதல் 30 வரையிலான பத்துப் படிகளில் நிகழும் மாற்றம். ட்ரெகோத் கடைசிப் படிக்கு முந்தைய படியில் வெட்டி வீழ்த்தப்பட்டவன். மரணம் அவனை அங்கேயே உறைய வைத்துவிட்டது என்றுதான் நான் இந்தக் கதையை வாசிக்கிறேன். முழு மனிதனும் இல்லை, முழு டிராகனும் இல்லை, முழுப் பிணமும் இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒரே ஒரு படிக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு எப்படிப்பட்ட கோபம் இருக்கும் என்பதை நீங்கள் அவனுக்கு உரையாடல் எழுதும்போது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் கத்த வேண்டியதில்லை. இத்தனை காலம் காத்திருந்தவன் அவசரப்பட மாட்டான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எழுந்த ட்ரெகோத் முதலில் செய்தது பழிவாங்கல் அன்று. அழிந்த நகரத்தின் அடியில் உள்ள குகைகளில் புதிய ஜியுஸ்டெனாலை நிறுவினான். எஞ்சிய தன் குடிமக்களை மந்திரத்தால் ட்ரே என்னும் டிராகன் உருவ இனமாக மாற்றினான். முதலில் உருவானவர்கள் அவன் எண்ணியபடி அமையவில்லை. குறையுள்ளவர்கள் என்று அவர்களை ஒதுக்கினான், தப்பியவர்கள் கிராக்மோர்ட்டா என்னும் இன்னொரு குகையில் வாழ்கிறார்கள். இரண்டாம் முறை உருவானவர்கள் அவனுக்குப் பிடித்தமாதிரி அமைந்ததால் அவனுடைய நகரத்தில் இருந்து அவனையே வழிபடுகிறார்கள். ‘இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான்’ என்பார்களே, அந்தப் பழமொழிக்கு இவனைவிடப் பொருத்தமான ஆளை நான் எந்தக் கற்பனை உலகிலும் கண்டதில்லை.

ஆத்தாஸில் தெய்வங்கள் இல்லை. ட்ரெகோத் வேறு உலகங்களுக்குத் திறக்கும் ஒரு வாயிலின் வழியே சென்று, அங்கெல்லாம் தெய்வங்கள் இருப்பதைக் கண்டு, தானும் தெய்வமாக வேண்டும் என்று உறுதி கொண்டவன். டிராகன் ஆகும் வழி அடைபட்டவனுக்கு இது மாற்று வழி. ஆனால் தெய்வமாவதற்குப் பக்தர்கள் வேண்டும். அதாவது, யாருடைய உடலை அவன் கேட்காமல் மாற்றினானோ அவர்களுடைய நம்பிக்கை அவனுக்குத் தேவைப்படுகிறது. டிராகோலிச்சுக்கு மணிக்கல் எங்கே இருக்கிறதோ, ட்ரெகோத்துக்கு அங்கே மக்கள் இருக்கிறார்கள். மக்களை உடைத்து அவனை வெல்வது எந்தக் கதாநாயகனுக்கும் பெருமையாகாது என்பதால், உங்கள் ஆட்டக்காரர்கள் வாளை உறையில் வைத்துவிட்டு யோசிக்கத் தொடங்குவார்கள். எனக்கு இந்த ஆட்டத்தில் வேண்டியதெல்லாம் அந்த யோசனைதான்.

ஆகவே என் யோசனை இது. ஆட்டக்காரர்கள் ட்ரெகோத்தைச் சந்திப்பதற்கு வெகுமுன்பே கிராக்மோர்ட்டாவில் உள்ள ஒதுக்கப்பட்டவர்களைச் சந்திக்கட்டும். அவர்களில் சிலர் இன்னும் அவனைத் தங்கள் தந்தை என்றே சொல்லட்டும், சிலர் அவன் பெயரைக் கேட்டாலே எழுந்து போகட்டும். மேலே உள்ள நகரங்களில் அவனைக் கேட்டால் எல்லாரும் ‘அவன் செத்து எவ்வளவோ காலம் ஆயிற்றே’ என்று சொல்ல வேண்டும். சாகாத ஓர் அரசனின் பெரிய படைபலம் தான் செத்துவிட்டதாக எதிரிகள் நம்புவதுதான். இரகசியம் வெளிப்படும் கணத்தில் மற்றச் சூனிய அரசர்களும் ஆட்டத்துக்குள் வந்துவிடுவார்கள், அப்போது உங்கள் ஆட்டக்காரர்கள் ஒரு கொடுங்கோலனிடமிருந்து தப்ப இன்னொரு கொடுங்கோலனிடம் உதவி கேட்க வேண்டிய நிலை வரும்.

விவரங்களுக்கு, 1994இல் வெளிவந்த சிட்டி பை த சில்ட் ஸீ என்னும் பெட்டித் தொகுப்பு போதும். ட்ரெகோத்தின் வரலாறும் குகை நகரத்தின் அமைப்பும் அதில் உள்ளன. 2010ஆம் ஆண்டுப் பதிப்பில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் பொதுவான டிராகன் உருவ இனமான டிராகன்பார்ன் இனத்துக்கே ட்ரே என்ற பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஆட்டக்காரர் ஒருவர் ட்ரேயாகவே விளையாட விரும்பினால் அந்தப் பதிப்பின் விதிகள் உங்களுக்கு எளிதாக இருக்கும். என்னைக் கேட்டால் அப்படி ஒருவர் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் ட்ரெகோத்தை வழிபட்டு வளர்ந்தவரா, ஒதுக்கப்பட்டவர்களின் வழியில் வந்தவரா என்பதை அவரே முடிவு செய்யட்டும், மற்றவர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டாம்.

இறுதி மோதலுக்கான விதிகளை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள். அவனுடைய மனவலிமைத் தாக்குதல்களை நீங்கள் எப்படிக் கையாளப் போகிறீர்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பழைய விதிகளை அப்படியே எடுத்தால் முதல் சுற்றிலேயே குழு முழுவதும் விழுந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்