பால் உறைந்த கதை

அம்பாசமுத்திரம்,
ஆடி மாதம்.

அன்புள்ள சேக்காளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே கார் நடவு முடிந்துவிட்டது, சாரலும் விட்டுவிட்டு விழுகிறது. பதில் எழுதப் பிந்தியதற்குக் காரணம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்தான்.

போன மாதம் ஒருநாள் காலையில் அம்மா அடுப்படியிலிருந்து, "ஏலே, பால் உறைஞ்சு கெடக்குலே" என்று சத்தம் கொடுத்தாள். தயிருக்கு உறை ஊற்றியதைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். பால் பாக்கெட் கல்லாக இருந்தது. அதுவும் ஃப்ரீஸரில் இல்லை, கீழ்த் தட்டில். பக்கத்தில் கீரை விறைத்துக் கிடந்தது.

பாலும் கீரையும் போகட்டும். அம்மாவின் இன்சுலின் அதே தட்டின் ஓரத்தில்தான் இருந்தது. 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் வைக்க வேண்டிய மருந்து. ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதன் வீரியத்தை நம்ப முடியாது. பிரிக்காத இரண்டு குப்பியையும் தூரப் போட்டேன். புதிதாக வாங்கியதை, ஃப்ரிட்ஜ் சரியாகும்வரை காருகுறிச்சிப் பானைக்குள் வைத்தேன். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல். அந்த நாலு நாளும் எனக்குச் சரியான தூக்கமில்லை.

மெக்கானிக் வந்தார். உள்ளே எவ்வளவு குளிர் என்று பார்க்கும் சென்சாரைக் கழற்றி மீட்டரை வைத்தார். அதன் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை, ஆறு கிலோ ஓமுக்குக் கொஞ்சம் கீழே காட்டியது. "சென்சார் உயிரோடத்தான் இருக்கு அண்ணாச்சி, போர்டு போயிட்டு. 6,500 ரூபாய் ஆகும்" என்றார். சென்சார் சொல்வதைக் கேட்டுக் குளிரூட்டும் கம்ப்ரஸரை ஓட்டுவதும் நிறுத்துவதும் அந்தப் போர்டுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரிதான் பேட்டை ஐ.டி.ஐ.யில் ரெசிஸ்டரின் வண்ண வளையங்களை வைத்து அதன் அளவைக் கண்டுபிடிக்க நீ எனக்குக் கலர் கோடு சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. இந்த சென்சார் குளிரக் குளிர ரெசிஸ்டன்ஸ் கூடும் வகை. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் என்றால், 0 டிகிரியில் 30-ஐத் தாண்டி 33-ஐ ஒட்டி வர வேண்டும். சரி, 33 கிலோ ஓம் என்றால் ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு! பழைய டப்பாவைக் கிண்டியதில் அப்படி ஒன்று கிடைத்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சென்சார் இருந்த கனெக்டரில் அந்த ரெசிஸ்டரைச் செருகி, டேப் சுற்றி, மறுபடி கரண்ட் கொடுத்தேன். உள்ளே 0 டிகிரி இருக்கிறது என்று போர்டு நம்பினால் கம்ப்ரஸரை ஓட விடக்கூடாது. காத்திருந்து பார்த்தேன், ஓடவே இல்லை. அதுவரை ராப்பகலாக நிற்காமல் ஓடிய கம்ப்ரஸர் அது. போர்டு நல்ல போர்டு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அப்புறம் சென்சாரை எடுத்தேன். ஒரு டம்ளரில் ஐஸை நுணுக்கிப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, நன்றாகக் கலக்கி, அதில் சென்சாரை முக்கினேன். 33-ஐ ஒட்டி வர வேண்டியது 14-இலேயே நின்றது. போர்டின் கணக்கில் 14 என்றால் ஏறக்குறைய 17 டிகிரி. உள்ளே பால் உறைகிறது, போர்டோ இன்னும் வெக்கையாக இருக்கிறது என்று நினைத்துக் குளிரூட்டிக்கொண்டே இருக்கிறது.

மெக்கானிக் எங்கே தவறினார் என்பதை உனக்கு விளக்கியே ஆக வேண்டும். சென்சாரின் பூச்சுக்குள் ஈரம் இறங்கியிருந்தது. அந்த ஈரம், சென்சாருக்குக் குறுக்கே இன்னொரு ரெசிஸ்டரைப் போட்டது மாதிரி வேலை செய்கிறது. கணக்குப் போட்டால் 25 கிலோ ஓம் அளவுக்கு ஒரு கசிவு. அறை வெப்பத்தில் சென்சாருக்கே ஏழு கிலோ ஓம்தான் என்பதால் கசிவு பெரிதாகத் தெரியாது, ஐந்தரைக்குப் பக்கத்தில் காட்டிவிடும். குளிரில் சென்சார் 33-க்கு ஏறும்போதுதான் கசிவு முழுசாக வெளிப்படும். அவர் அறையில் வைத்து அளந்தார். ஃப்ரிட்ஜ் சென்சாரை ஐஸ் தண்ணீரில் வைத்துத்தான் அளக்க வேண்டும். சந்தேகத்துக்கு அதையே இரண்டு நாள் வெயிலில் காயவைத்து மறுபடி ஐஸில் முக்கினேன். 14 இருந்தது 27-க்கு ஏறியது. ஈரம்தான்.

ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் அதே 10 கிலோ ஓம் வகை 150 ரூபாய்க்குக் கிடைத்தது. போடுவதற்கு முன்னால் அதையும் ஐஸில் அளந்துகொண்டேன். ஒயரைச் சால்டர் வைத்து இணைத்து, ஸ்லீவ் மாட்டி, மேலே சிலிகான் பூசினேன். தண்ணீர் ஒயர் வழியே இறங்கி இணைப்புக்குள் போகாதபடி ஒரு வளைவு கொடுத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். இப்போது நடுத் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டர் எப்போதும் கிடக்கிறது. காலையில் அம்மாதான் எடுத்துப் பார்க்கிறாள். இன்றைக்கு 4 என்றாள்.

உன் வீட்டில் கத்திரிக்காய் உறைந்து போகிறது என்று எழுதியிருந்தாயே, காய்க் கூடையைத்தான் மாற்றிப் பார்த்தேன் என்றும் எழுதியிருந்தாய். கூடையை விடு. அந்த 33 கிலோ ஓம் ரெசிஸ்டரை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். உன் சென்சாரும் 10 கிலோ ஓம் வகைதானா என்று முதலில் பார்த்துக்கொள், 5 கிலோ ஓம் வகையும் உண்டு. என்ன காட்டியது என்று எழுது.

அம்மா உன்னைக் கேட்டாள்.

உன் சேக்காளி